ரயிலுக்கு விழுந்த புள்ளி

1942 ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று காலை நான் எதிரியிடம் சரணடைந்தேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, கண்ணை இறுக மூடி, முறைப்படி சரணடைந்தேன். அதில் ஒரேயொரு குறை. வந்தது எதிரி இல்லை, நம்முடைய படை.

மற்றவர்கள் சொல்லித் திரிவதற்கு முன் நானே எழுதி வைத்துவிடுவது நல்லது. காலையில் கடல் பக்கமாக விமானங்கள் வந்தன. கொழும்புக்குத்தான் போயின என்பது பிறகு தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் அவை ஹேனவத்தை ஸ்டேஷன் மாஸ்டர் தில்லையம்பலத்தைத் தேடித்தான் ஜப்பானிலிருந்து புறப்பட்டு வந்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றியது. பக்கத் தண்டவாளத்தில் ஆஸ்திரேலியப் படைக்கு வந்த சாமான் பெட்டி ஒன்று நின்றது. பாய்ந்து ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினேன். வெளியே கொக்கி தானாக விழுந்து பூட்டிக்கொண்டது.

உள்ளே முழுக்க மாட்டிறைச்சி டின்கள். மூன்று தலைமுறையாகச் சைவச் சாப்பாடு சாப்பிட்ட குடும்பத்துப் பிள்ளை, மாட்டிறைச்சி மேல் குந்தியிருந்து தேவாரம் பாடினேன். நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. வெளிச்சத்தில் ஒரு நெடிய உருவம், தோளில் துவக்கு. ஜப்பான்காரன் ஆறடி உயரத்தில் செம்பட்டைத் தலையோடு இருக்கமாட்டான் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. கையைத் தூக்கிவிட்டேன்.

அவன் பெட்டிக்குள் ஏறி வந்து என் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டான்.

"பாட்டுச் சத்தம் கேட்டுது. டின் இறைச்சி பாடாது எண்டு தெரியும். அதுதான் திறந்து பாத்தன்" என்றான்.

அவன் பேசியது மூக்கால் வந்த ஒருவகை இங்கிலீசு. இந்தக் கொப்பியில் அவனை யாழ்ப்பாணத்தான் ஆக்கிவிட்டேன். என் கொப்பி, என் இஷ்டம்.

ஏப்ரல் 6, திங்கள்

போர்ட்டர் மார்ட்டின் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். மீன்காரி டிக்கெட் கேட்பதற்கு முன் கூடையை இறக்கி வைத்து, இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் கேட்டாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நெடியவன் மறுபடியும் வந்தான். பெயர் லெஸ்லி கார்மொடி, கோப்ரல். பாசறை ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள தென்னந்தோட்டத்தில். சாமான் எடுக்க வந்தாயா என்று கேட்டேன்.

"இல்லை மாஸ்டர். கோச்சி பாக்க வந்தனான்."

பட்டாளத்துக்காரன் ரயில் பார்க்க வருவதா என்று எனக்குச் சிரிப்பு. பிறகுதான் தெரிந்தது, அவனுடைய தகப்பன் கோதுமை வயல்களுக்கு நடுவே எங்கோ ஒரு ஊரில் தண்டவாளக் கங்காணியாம். அந்த ஊரில் ரயிலைத் தவிர அசையும் பொருள் ஆடுகள் மட்டும்தானாம். ரயில் சத்தம் கேட்டால்தான் தனக்குச் சாப்பாடு இறங்கும் என்றான். மேடை வாங்கில் உட்கார்ந்து, டின்னைத் திறந்து, மாத்தறை ரயில் வரும்வரை காத்திருந்து, வந்த பிறகுதான் சாப்பிட்டான். நான் மரியாதையாக முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

"எங்களைக் கப்பலிலை ஏத்தினது வீட்டை கொண்டுபோக. லிபியா, கிரீஸ், சிரியா எல்லாம் முடிஞ்சுது, இனி வீடுதான் எண்டு சொன்னவங்கள். வழியிலை இஞ்சை இறக்கிப்போட்டாங்கள், கொஞ்ச நாளுக்கு எண்டு."

"கொஞ்ச நாள் எண்டால்?"

"அதை ஜெனரலைத்தான் கேக்கவேணும். உங்களுக்கு அவரைத் தெரியுமே?"

என் வீட்டில் யார் என்று கேட்டான். பெண்சாதியைக் குண்டுக்குப் பயந்து யாழ்ப்பாணம் அனுப்பிவிட்டேன் என்றேன். இந்தக் காலத்தில் எல்லா அரசாங்க உத்தியோகத்தரும் சொல்லும் பதில்தான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவன் தலையாட்டவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப் பிறப்பு. நானே புட்டு அவித்தேன். குழலிலிருந்து வெளியே வர மறுத்தது. தட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் கரண்டிக் காம்பால் குத்தி எடுத்து மார்ட்டினின் நாய்க்கு வைத்தேன். நாய் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

மத்தியான ரயிலில் கார்ட் கனகசபை வந்தார். அவருக்கும் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம்தான் ஊர், என் பெண்சாதி சிவக்கொழுந்தின் தாய் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய் ஊர்ப் புதினம் முழுவதையும் அள்ளிக்கொண்டு வருவார்.

"என்ன காணும் மாஸ்டர், வருசப் பிறப்புக்குக் கைவிசேஷக் காசு வாங்க வீட்டிலை ஆளில்லையோ?"

"குண்டுக்குப் பயந்து போனவ இருக்கிறா. அனுப்பி வைப்பம்."

"குண்டு விழுந்தது போன கிழமை. அவ கோச்சி ஏறினது கார்த்திகையிலை. அப்ப ஜப்பான்காரனே யுத்தத்துக்கு வரேல்லை காணும்."

"முன்யோசனை" என்றேன். "எங்கட வீட்டிலை எல்லாத்துக்கும் முன்யோசனை."

கொடியைக் காட்டி ரயிலை அனுப்பிவைத்தேன். ரயில் போகும்போது கடைசிப் பெட்டியின் வால் விளக்கு இருக்கிறதா என்று ஸ்டேஷன் மாஸ்டர் பார்க்கவேண்டும், அது சட்டம். அது கண்ணுக்கு மறையும்வரை பார்க்கவேண்டும் என்று சட்டத்தில் இல்லைதான். கொழும்புக்குப் போகும் ரயிலை மட்டும் நான் கொஞ்சம் கூடுதலாகப் பார்ப்பதுண்டு. கொழும்பில் ஏறினால் விடியும்போது யாழ்ப்பாணம்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்று லெஸ்லி தன்னுடைய விளையாட்டைச் சொல்லித் தந்தான். என் மேசையில் இருந்த மைக்கூடு இரண்டையும் நடுவில் வைத்தான், இருபக்கமும் முத்திரைக் கட்டைகள் இரண்டை வைத்தான். இவை நாலும் கம்பங்கள். உதைபந்துதான், ஆனால் பந்து உருண்டை இல்லையாம், இரண்டு பக்கமும் கூர். கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம், எதிராளியின் முதுகில் ஏறியும் பந்தைப் பிடிக்கலாம். நடுக் கம்பங்களுக்குள்ளே போனால் ஆறு புள்ளி. தவறிப் பக்கத்தில் போனால் ஒரு புள்ளி.

"தவறினதுக்குப் புள்ளியோ?"

"ஓம். கிட்ட வந்ததுக்கு."

இப்படி ஒரு நியாயமான விளையாட்டு உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் நான் சின்ன வயதிலேயே அந்த நாட்டுக்குக் கப்பல் ஏறியிருப்பேன். என் வாழ்க்கையில் விழுந்தவை எல்லாம் பக்கத்துப் புள்ளிகள்தான்.

அவன் கதை இது. சின்ன வயதில் ஆட்டுத் தோல் பையில் வைக்கோலை அடைத்துத் தண்டவாளத்துக்கு மேலாக உதைத்துப் பழகினான். பதினெட்டு வயதில் மெல்பேணிலிருந்து ஒரு உதைபந்துக் குழுக்காரர் இவனைப் பார்க்கவென்றே ரயிலேறி வந்தார். குழுவில் இடம், செருப்புத் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் இவன் பந்துக்கு எழும்பினால் இருபதினாயிரம் பேர் கூடவே மூச்சை இழுத்துப் பிடிப்பார்களாம். யுத்தம் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து, உடம்பில் சேறு காய்வதற்கு முன், குழுவில் மூன்று பேர் ஒன்றாகப் போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்தார்கள். மற்ற இருவர் எங்கே என்று கேட்டேன்.

"ஒராள் லிபியாவிலை. ஒராள் கிரீஸிலை." நான் அவர்களுடைய பட்டாளத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். "நிலத்துக்குக் கீழை, மாஸ்டர்" என்றான்.

மைக்கூடுகளை எடுத்து அவற்றின் இடத்திலேயே திரும்ப வைத்தான். என் மேசையில் எது எங்கே இருக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

மே 3, ஞாயிறு

அவனைச் சிரிக்க வைக்க ஆசைப்பட்டேன். என்னிடம் உள்ளதிலேயே நல்ல பகிடியை எடுத்துவிட்டேன். போன ஐப்பசியில் றெயில்வே சங்கத்து விருந்தில் சொன்னது. மேடையில் நின்று, "என் பெண்சாதி அவிக்கிற புட்டைத் தண்டவாளத்துக்குக் கீழே சல்லிக்குப் பதிலாகப் போடலாம், நூறு வருடம் ரயில் ஓடினாலும் அசையாது" என்று தொடங்கி, அவ நடக்கும் நடை, அவ குரல், எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்குக்கூட ஒரு பகிடி, எல்லாம் வரிசையாகச் சொன்னேன். மண்டபம் அதிர்ந்தது. மேலதிகாரிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சிவக்கொழுந்து முன்வரிசையில் இருந்தா. அவ சிரிக்கும்போது சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வது வழக்கம். அன்றும் தலைப்பு வாயில்தான் இருந்தது.

லெஸ்லி சிரிக்கவில்லை. இங்கிலீசில் சொல்லும்போது சத்துப் போய்விடுகிறது.

"பிறகு?" என்றான்.

"பிறகென்ன. வீட்டை போனம். அவ பாத்திரமெல்லாம் கழுவி வைச்சா. கொஞ்ச நாளிலை, தாயைப் பாக்கப் போறன் எண்டா. கதவைக்கூட அடிச்சுச் சாத்தேல்லை, மெதுவாத்தான் சாத்தினவ."

ஏன் இதையெல்லாம் சொன்னேன் என்று தெரியவில்லை. மத்தியான ரயில் பிந்தியிருந்தது, வேறு பேச்சும் இல்லை.

மே 9, சனி

மழை. கூரை ஒழுக்கு சரியாகச் சிக்னல் புத்தகத்தின் மேல். தனியாக இருப்பதில் எத்தனை வசதி. குறட்டை விடலாம், சாரம் மட்டும் கட்டிக்கொண்டு சாப்பிடலாம், ஒருவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. ஒருவரும் கேட்பதுமில்லை.

மே 17, ஞாயிறு

ஆச்சரியமான ஒரு செய்தி. லெஸ்லிக்குக் கலியாணமாகிவிட்டதாம். பெயர் மொய்ரா. இத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை, கள்ளன்.

அதைவிட ஆச்சரியம், அவன் கதை. குழுவின் விருந்து ஒன்றில், மொய்ரா செய்த புடிங்கை எடுத்துக் காட்டி, இதைப் பந்தாக உதைக்கலாம் என்று பகிடி சொன்னானாம். எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஏப்ரனால் வாயை மூடிக்கொண்டாள். பாத்திரங்களைக் கழுவி வைத்தாள். தாய் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். கதவை மெதுவாகச் சாத்தினாள்.

உலகம் எவ்வளவு சின்னது என்று வியந்துபோனேன். சுன்னாகத்துக்கும் மெல்பேணுக்கும் நடுவில் ஒரு சமுத்திரமே கிடக்கிறது, கதவு சாத்துகிற விதம் மட்டும் ஒன்று.

"நீ அவளிட்டைப் போய்க் கேட்டனியே?"

"அவள் வரட்டும் எண்டு இருந்தன். அதுக்குள்ளை பட்டாளத்துக்குப் பேர் குடுத்திட்டன். இப்ப போறதெண்டால் கப்பல் வேணும், கடலிலை நீர்மூழ்கி இருக்கக்கூடாது, ஜெனரல் கையெழுத்து வைக்கவேணும். உங்களுக்கு என்ன வேணும், மாஸ்டர்?"

"லீவு வேணும்."

"காசு?"

"றெயில்வேக்காரருக்கு இலவசப் பாஸ்."

கொழும்பு ரயில் வந்து, நின்று, போனது. இரண்டு பேரும் வால் விளக்கைப் பார்த்தோம்.

மே 24, ஞாயிறு

மொய்ராவின் தலைமுடி கருப்பாம். போன கிழமை செம்பட்டை என்று சொன்ன ஞாபகம். அந்த நாட்டுப் பெண்கள் மாற்றிக்கொள்வார்களாக்கும். எங்கள் வீட்டில் ஒருவருக்கு அடர்த்தியான கருப்பு முடி, நடுவகிட்டில் மட்டும் இரண்டு நரை. நான்தான் முதலில் கண்டு சொன்னேன். ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

ஜூன் 2, செவ்வாய்

கனகசபை சொன்னார், சிவக்கொழுந்து சுகமாம். என்னைப் பற்றி விசாரித்தாவா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ரயில் போன பிறகுதான் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

ஜூன் 8, திங்கள்

அடுத்த ஞாயிறு தென்னந்தோட்டத்துக்குப் பக்கத்து எருமைகள் மேயும் தரவை வெளியில் ஆட்டம். லெஸ்லியின் பட்டாளத்துக்கும் மற்றப் பட்டாளத்துக்கும். கம்பங்களுக்குப் பின்னால் நிற்க ஒரு நடுவர் வேண்டும். அவருக்கு வெள்ளைக் கோட்டு, தொப்பி, இரண்டு கொடி இருக்கவேண்டும். பட்டாளம் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். இந்தப் பகுதியில் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் இரண்டு கொடியும் சொந்தமாக உள்ள ஒரே மனிதன் நான்தான்.

ஆறு புள்ளிக்கு இரண்டு கொடியையும் வீசவேண்டும். ஒரு புள்ளிக்கு ஒன்றை மட்டும். இருபத்திரண்டு வருடம் கொடி பிடித்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றேன்.

ஜூன் 14, ஞாயிறு

எழுதவேண்டிய நாள். ஆற அமர எழுதுகிறேன்.

எருமைகளை ஓட்டிவிட்டு, சாணத்தை அள்ளிவிட்டு, தென்னங்கம்பு நாலை இந்தப் பக்கமும் நாலை அந்தப் பக்கமும் நட்டிருந்தார்கள். ஸ்டேஷனை உதவிக் கிளார்க்கிடம் ஒப்படைத்துவிட்டு, கஞ்சி போட்ட கோட்டில் போய் நின்றேன். மார்ட்டின் எனக்குக் குடை பிடிக்க வந்தான், பட்டாளத்துக்காரர்கள் அவனைக் குடையோடு தூக்கி வேலிக்கு அப்பால் வைத்தார்கள்.

அது விளையாட்டா அடிபிடியா என்று நெடுநேரம் விளங்கவில்லை. பழுத்த பப்பாளிப்பழம் போல ஒரு பந்து. அதற்குப் பின்னால் முப்பத்தாறு பேர். பந்து நிலத்தில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது.

பிறகு லெஸ்லி எழும்பினான்.

இதை எப்படி எழுதுவது. பந்து உயரத்தில் வந்தது. கீழே நாலைந்து பேர் ஆளையாள் தள்ளிக்கொண்டு நின்றார்கள். இவன் எங்கிருந்தோ ஓடி வந்து, ஒருவனுடைய தோளில் முழங்காலை வைத்து, மேலே போனான். போய், அங்கேயே நின்றான். சத்தியமாக நின்றான். மரத்தில் காய் பறிக்கிறவன் நல்ல காயாகப் பார்த்துத் தொடுவது போல, அவசரமில்லாமல் பந்தைத் தொட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். மைதானம் முழுக்க ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரவில்லை. அவன் முகத்தில் யுத்தமும் இல்லை, கப்பலும் இல்லை, செத்துப்போன கூட்டாளிகளும் இல்லை. பதினெட்டு வயதுப் பொடியனின் முகம்.

"பாத்தீரே?" என்று நான் பக்கத்தில் திரும்பிக் கேட்டேன்.

பக்கத்தில் கம்பம் மட்டும்தான் நின்றது.

கடைசிப் பகுதியில் இரண்டு பக்கமும் சமம். லெஸ்லி தூரத்திலிருந்து உதைத்தான். பந்து காற்றில் வளைந்து, கடைசிச் சின்னக் கம்பத்துக்கும் வெளியே விழுந்தது. வெளியே விழுந்தால் புள்ளியே கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதே நேரத்தில் சாமான் ரயில் ஊதியது. வேலிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். என் உடம்பு தானாகத் திரும்பியது, என் கை தானாக நீண்டது, பச்சைக் கொடியை விரித்து ரயிலுக்கு வழிவிட்டேன். டிரைவர் பொடி அப்பு தொப்பியைத் தொட்டு மரியாதை செய்துவிட்டுப் போனார்.

திரும்பிப் பார்த்தால், எதிர்ப்பக்க நடுவர் ஒரு கொடியை வீசிக்கொண்டு நிற்கிறார். நான் காட்டியதை அவர் திருப்பிக் காட்டவேண்டுமாம், அது விதியாம். பலகையில் ஒரு புள்ளியை எழுதியும்விட்டார்கள். அந்த ஒரு புள்ளியால் லெஸ்லியின் பட்டாளம் வென்றது.

உண்மையைச் சொல்ல ஓடினேன். லெஸ்லி என் வாயைப் பொத்தினான். அவன் கையில் சாண மணம்.

"அது கோச்சிக்கு விழுந்த புள்ளி, மாஸ்டர். கோச்சி எங்கட பக்கம் நிண்டு விளையாடினது. ஆரும் ஒண்டும் சொல்லேலாது."

ஜூன் 15, திங்கள்

வீட்டில் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்தது. வீடு பூட்டிக் கிடக்கிறது, நான் உள்ளே இருக்கிறேன்.

ஜூலை 8, புதன்

அவர்கள் போகிறார்கள். யாரும் எங்கே என்று சொல்லவில்லை. வீட்டுக்கு என்று சிலர், அங்கே இறங்கி மறுபடி வேறு யுத்தத்துக்கு என்று சிலர். விசேஷ ரயில் மேடை நீளத்துக்கும் நின்றது. லெஸ்லி கடைசியாக ஏறினான்.

மொய்ராவின் விலாசத்தைக் கேட்டேன். ஒரு வாழ்த்தாவது எழுதலாமே. "மெல்பேண்" என்றான். மெல்பேணில் எங்கே என்று கேட்டேன். "மெல்பேண் பெரிசில்லை" என்றான். இருபதினாயிரம் பேர் ஆட்டம் பார்க்க வருகிற ஊர்.

"மாஸ்டர், நான் சொல்லுறதைக் கேளுங்கோ. உங்களிட்டைக் கொடி இருக்குது, பாஸ் இருக்குது, தண்டவாளம் இருக்குது. அங்கை போனாப் பிறகு பகிடி ஒண்டும் விடாதேங்கோ. ஏலாட்டி உங்களைப் பற்றி விடுங்கோ. அதுக்கு உங்களிட்டை நிறைய இருக்குது."

"நீ மொய்ராவைக் கண்டால் என்ன சொல்லுவாய்?"

"நீ இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை எண்டு" என்றான்.

பச்சைக் கொடி காட்டவேண்டியது நான்தான். காட்டாவிட்டால் ரயில் போகாது. ஒரு நிமிடம் பிந்தியதற்கு டிரைவர் புத்தகத்தில் காரணம் எழுதச் சொன்னார். கண்ணில் கரித்தூசி என்று எழுதினேன்.

ஜூலை 9, வியாழன்

லீவு கேட்டுத் தந்தி அடித்தேன்.

ஜூலை 15, புதன். சுன்னாகம்

வேலியோரம் நின்று பார்த்தேன். வீட்டு வளவுக்குள் சிவக்கொழுந்து குந்தியிருந்து பனம்பழம் பிசைந்துகொண்டிருந்தா, பாயில் ஊற்றிக் காயவைக்கும் பனாட்டுக்கு. இரண்டு கையும் முழங்கைவரை மஞ்சள் களி. நரை இரண்டல்ல இப்போது. நான் எண்ணவில்லை.

நிமிர்ந்து பார்த்தா. எழும்பவில்லை.

"குண்டு நிண்டிட்டுதோ?"

அதற்கு என் வாயில் ஒரு பதில் தயாராக வந்து நின்றது. நல்ல பதில். கனகசபை கேட்டிருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். விழுங்கினேன். மீன் முள் போல இறங்கியது.

"கனகசபை அண்ணை சொன்னவர். நான் குண்டுக்குப் பயந்து ஓடி வந்தனான் எண்டு சொல்லித் திரியிறியளாம்."

"வேறை என்னத்தைச் சொல்ல?"

"நடந்ததைச் சொல்லலாம்."

வெயில். காகம் ஒன்று பனங்கொட்டையை இழுத்துக்கொண்டு போனது. எனக்கு நடந்ததைச் சொல்ல வரவில்லை, ஆகவே மற்றவனுக்கு நடந்ததைச் சொன்னேன். லெஸ்லியைச் சொன்னேன், அவன் பந்துக்கு எழும்பினதைச் சொன்னேன், மொய்ராவைச் சொன்னேன், புடிங், விருந்து, ஏப்ரன் எல்லாவற்றையும் சொன்னேன். அவ பிசைவதை நிறுத்திவிட்டா.

"கதவை அடிச்சுச் சாத்தேல்லையோ அந்தப் பிள்ளை?"

"இல்லை. மெதுவாத்தான்."

"ம்" என்றா. "அடிச்சுச் சாத்தினால் திரும்பி வாறதெண்டு அர்த்தம்." பிறகு, "அந்தப் பொடியனுக்கு விளங்கியிருக்குது. சின்ன வயசு, எண்டாலும் விளங்கியிருக்குது. உங்களுக்கு இப்ப என்னத்துக்கு வந்தனியள் எண்டாவது தெரியுமோ?"

நான் ரயிலில் யோசித்து வைத்த வசனங்கள் எல்லாம் மாகோ சந்தியிலேயே இறங்கிவிட்டிருந்தன.

"நான் இன்னும் ரெண்டு கோப்பை தேத்தண்ணிதான் ஊத்துறன்" என்றேன். "கை அப்பிடிப் பழகிப்போச்சு. மற்றதை மார்ட்டின் குடிக்கிறான். அவனுக்குச் சீனி போதாதாம்."

அவ மறுபடியும் பிசையத் தொடங்கினா. நான் பயந்துபோய், வாய் நிற்காமல், எருமைத் தரவையில் ரயிலுக்கு நான் கொடி காட்டியதையும், அதற்குப் பலகையில் புள்ளி போட்டதையும், பொடி அப்பு தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனதையும் சொன்னேன். தொடங்கும்போது அவவின் முகம் இறுகித்தான் இருந்தது. தொப்பிக்கு வந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. வழக்கம்போல் தலைப்பைத் தேடிக் கை எழும்பியது, கை முழுக்கக் களி. மூட ஒன்றுமில்லாமல், வாய் திறந்து, சத்தமாகச் சிரித்தா.

இருபது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜூலை 21, செவ்வாய். ஹேனவத்தை

வந்துவிட்டா. அடுப்படியைப் பார்த்துவிட்டு முதலில் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. மார்ட்டின் வாசலில் நின்று கும்பிட்டான். "மாத்தயா இனி ரயிலை ஒழுங்காகப் பார்ப்பார்" என்று சிங்களத்தில் சொன்னான். நல்லவேளை, அவவுக்கு இன்னும் சிங்களம் சரியாக வராது.

ஜூலை 26, ஞாயிறு

புட்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

அவ பேச்சில் இப்போது மொய்ராதான். மொய்ராவுக்கு எத்தனை வயதிருக்கும், மொய்ராவின் தாய் நல்ல மனுஷியா, அந்தக் குளிர் ஊரில் தனியாக என்ன செய்வாள். விளக்கு வைக்கும்போது அந்தப் பொடியன் போய்ச் சேரவேண்டும் என்று பிள்ளையாரிடம் ஒரு வார்த்தை. "அவளாலைதானே நான் வந்தனான்" என்றா இன்று. "உங்களாலை எண்டு நினைக்காதேங்கோ."

நான் நினைக்கவில்லை. எனக்கு ஒரு புள்ளி போதும்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

சார்ஜண்ட் ஹோகன் என்ற ஆஸ்திரேலியர் லொறியில் வந்தார். லெஸ்லியின் பட்டாளம்தான். மலேரியாவில் கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடந்ததால் கப்பலைத் தவறவிட்டவர். மிச்சம் கிடந்த கூடாரக் கம்புகளை ஏற்றிக்கொண்டு, அடுத்த கிழமை மெல்பேணுக்குக் கப்பல் ஏறுகிறாராம்.

மெல்பேண் என்ற சொல் காதில் விழுந்ததும் சிவக்கொழுந்து உள்ளே ஓடினா. சுன்னாகத்திலிருந்து கொண்டுவந்த பனங்கட்டியில் நல்ல ஓலைக் குட்டானாகப் பார்த்து, வாழைச்சருகில் சுற்றி, கட்டி, இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தா. "லெஸ்லியின்ரை பெண்சாதியிட்டைக் குடுக்கச் சொல்லுங்கோ. தேத்தண்ணியோடை கடிச்சுக் குடிக்கவேணும் எண்டும் சொல்லுங்கோ. நான் வந்திட்டன், அவளும் போகலாம் எண்டு சொல்லுங்கோ."

நான் சொன்னேன். சார்ஜண்ட் குட்டானைப் பார்த்தார், அவவைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். இங்கிலீசில் என்னிடம் கொஞ்ச நேரம் பேசினார்.

"என்ன சொல்லுறார்?" என்றா சிவக்கொழுந்து.

"கவனமாக் கொண்டுபோய்க் குடுக்கிறாராம்."

திருப்தியாக அடுப்படிக்குப் போனா. லொறி போனது. குட்டான் அவர் மடியில் இருந்தது.

அவர் சொன்னது இவ்வளவுதான்: லெஸ்லி கார்மொடி கலியாணம் கட்டவேயில்லை. ஊரில் ஒரு தாய் இருந்தா, அவவும் இவர்கள் சிரியாவில் இருந்தபோது செத்துப்போனா.